இடது முன்சக்கரம்

சவ வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கிறீச்சிட்டது. வாசலில் நின்றபோது அந்தச் சத்தம் இன்னும் நீண்டது. கூடத்தில் அண்ணன் கிடந்த பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பல் கூசி முகம் சுளித்தார்கள். சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்ற அண்ணி தலையைத் தூக்கினாள்.

"இடது முன்சக்கரம்," என்றாள்.

காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அண்ணி கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெட்டிப் பக்கம் வந்து உட்காரவும் இல்லை.

அண்ணன் ரொட்டி வண்டி ஓட்டியவன். ஊர் விழிக்குமுன் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவான். அண்ணி பட்டறையில் பிரேக் வேலை பார்ப்பவள். நகக்கண்ணில் கறுப்போடு ஒரு பெண்ணா என்று கல்யாணத்துக்கு முன்பே தங்கை கேட்டாள். "எனக்கு வண்டி நின்னா போதும்டி," என்று அண்ணன் சிரித்தான்.

அண்ணி வெளியே போனாள். தங்கையும் எழுந்து பின்னால் போனாள்.

"தம்பி, எத்தனை நாளா கத்துது?" என்று கேட்டாள் அண்ணி.

சவ வண்டி டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அது ரொம்ப நாளாக்கா. என் வண்டியில போறவங்க யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "கொஞ்சம் எண்ணெய் விடலாம்னு இருந்தேன்."

"விட்டுத் தொலைக்காதே. பிரேக் டிஸ்க்ல எண்ணெய் பட்டா சத்தம் நிக்கும். அப்புறம் வண்டிதான் நிக்காது."

ஓரமாக நின்ற ரொட்டி வண்டியின் பின்கதவைத் திறந்து ஜாக்கியையும் கருவிப் பெட்டியையும் எடுத்து வந்தாள். சக்கரத்தைக் கழற்றத் தொடங்கியபோது பெரியண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தான்.

"என்னம்மா இது, இன்னைக்குப் போய்? வேற வண்டி வேணும்னா வரவழைக்கறேன்."

"அதுவும் கத்தும்."

"கத்தினா கத்திட்டுப் போகுது. அவனுக்கா கேக்கப்போகுது?"

"அவருக்குக் கேக்காது. தெருவுக்குக் கேக்கும்."

பெரியண்ணன் தங்கையைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி திரும்பாமலே ஒரு போல்ட்டை நீட்டினாள். "இதைப் பிடி. கீழ வெக்காதே, மண் ஒட்டும்."

தங்கை வாங்கிக்கொண்டாள். பெரியண்ணன் உள்ளே போய்விட்டான்.

அண்ணி டிஸ்க்கைக் கவ்வியிருந்த காலிப்பரைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். பேட் இரண்டையும் உருவினாள். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கட்டைகள் கண்ணாடிபோல் பளபளத்தன. சுற்றிலும் கரித்தூள். டிரைவர் உதவி செய்வதாகக் குனிந்து ஊதப்போனான்.

"ஊதாதே. நெஞ்சுக்கு ஆகாது."

பிரேக் சுத்தம் செய்யும் மருந்தைப் பீய்ச்சித் தூளைக் கழுவினாள். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தாள். பேட்டின் பளபளப்பை உப்புத்தாளால் எடுத்தாள். டிஸ்க்கைத் துடைத்தாள், துணி கறுக்காமல் வரும்வரை. பிறகு ஒரு சிறிய டப்பாவைத் திறந்தாள். பாதி கிரீஸ் இருந்தது. அதில் விரல் தடங்கள். கண்ணுக்கு மை எடுப்பதுபோல் நுனிவிரலில் எடுத்து, பேட்டின் முதுகிலும் ஓரங்களிலும் காலிப்பர் நகரும் ஊசிகளிலும் தடவினாள்.

"உரசுற பக்கம் ஒரு புள்ளி படக்கூடாது," என்றாள், தங்கையிடமா தனக்கா என்று தெரியவில்லை.

"அண்ணன் வண்டிக்கும் இப்படித்தான் செய்வீங்களா?"

"லீவு நாள் வந்தா செஞ்சிடுவேன்." துணியில் விரலைத் துடைத்தாள். "ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி இவர் வண்டி கத்தி, மூலை வீட்டுக் கைக்குழந்தை எழுந்திருச்சு. ராத்திரியெல்லாம் தூங்காத பிள்ளை போல. அதைப் பெத்த பொண்ணு ஜன்னல்ல நின்னு அழுதுச்சாம். வந்து சோத்துல கையே வெக்கல இவர். இனிமே கத்தவிட மாட்டேன், சாப்பிடுங்கன்னேன்."

"எப்போ இது?"

"அந்தக் குழந்தை இப்ப பள்ளிக்கூடம் போகுது."

தங்கை கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கதவிலும் பல நாள் ரொட்டிப் பை தொங்கும். தொட்டால் சூடு இருக்கும். வண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. திருடன் மாதிரி வந்துட்டுப் போறியே, ஒரு ஹாரன் அடிச்சா எழுந்து காபி போட்டுத் தரமாட்டேனா என்று போனில் சண்டை போட்டிருக்கிறாள். "நீ தூங்குடி," என்பான். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

"போல்ட்டு," என்று அண்ணி கை நீட்டினாள்.

தங்கை அதைத் தன் முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

சக்கரம் மாட்டி முடிந்ததும் அண்ணி டிரைவரிடம், "பெடலைப் பல தடவை மிதி. கெட்டியாகிற வரைக்கும். அப்புறம் நகர்த்து," என்றாள். அவன் கொஞ்ச தூரம் போய் நிறுத்தினான். மறுபடி வந்து நிறுத்தினான். "அட!" என்றான், இறங்காமலே.

தங்கை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சோப்பு போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு நின்றது. அண்ணி கையைச் சேலையில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டம் விலகி வழி விட்டது. பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

சவ வண்டி புறப்பட்டது. பின்னால் அண்ணி ரொட்டி வண்டியை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணனின் குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு தங்கை ஏறி உட்கார்ந்தாள். வெறும் தட்டுகள் பின்னால் லேசாக ஆடின. வண்டி முழுக்க ரொட்டி வாசனை.

மூலை வீடு வந்தது. அண்ணி கண்ணாடியை இறக்கினாள். தங்கையும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். முன்வண்டியின் பின்விளக்குகள் சிவந்தன. வண்டி சத்தமில்லாமல் வேகம் குறைந்து, நின்று, திரும்பியது. அண்ணியும் மிதித்தாள், நின்றது, திரும்பினாள்.

அந்த வீட்டு ஜன்னலில் திரை தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை விலக்கிப் பார்க்கவில்லை.