ஏரோப்ளேன் வீட்டின் வாசப்படி

நிலை வைக்கிற நாள் காலையில் காத்தவராயன் கொத்தனார் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேப்ப மரத்தில் செய்த நிலை சுவரில் சாய்ந்து நின்றது. இசைவாணியின் அம்மா விரும்பியதற்காகத் தச்சர் அதன் நெற்றியில் விரலளவு சிலுவை ஒன்றைச் செதுக்கியிருந்தார். பங்குச் சாமியார் பதினோரு மணிக்குத் தீர்த்தம் தெளிக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குள் கொத்தனாருக்கு ஒரு பதில் தெரிந்தாக வேண்டும்.

"படி எவ்ளோ ஒசரம் வெக்கறதும்மா? ஆறு அங்குலம் வெச்சிரட்டா?"

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா இது? ஆனாலும் அந்த ஆறு அங்குலம் அவளை விட்டபாடில்லை. படியே வேண்டாம், தரையோடு தரையாக விட்டுவிடுங்கள் என்றாள். காத்தவராயன் கையிலிருந்த மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கடலூரில் வீடு கட்டுகிறார். படி இல்லாத வாசலை ஒரு மாட்டுக்கொட்டகைக்குக்கூட அவர் விட்டதில்லையாம். மழைத் தண்ணீர் வரும், பூச்சி பொட்டு வரும், போகிறவன் வருகிறவன் எல்லாம் சொல்லிக் காட்டுவான் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

வேண்டாம் என்பதற்கான காரணம் புங்கமரத்தடியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அம்மா, ஆரோக்கியம்மாள். போன டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்த விடியற்காலையில் கூரைத் தகடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போக, அம்மா வெளியே ஓடினாள். ஓடியவள் பழைய வீட்டு வாசப்படியில் தடுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் இசைவாணியைத் தனியாக அழைத்துச் சொன்னார். அம்மாவிடம் அவள் அதை இன்னும் சொல்லவில்லை. அதே இடத்தில் இப்போது எழும்புகிற வீட்டுக்குள் அந்த நாற்காலி உருண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆனால் அம்மா கேட்டால்தானே? மரத்தடியிலிருந்தே குரல் வந்தது. "அவ சொல்றத கேக்காதய்யா. படி வையி."

யோசனை கேட்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இசைவாணி மணல் குவியலின்மேல் உட்கார்ந்தாள். ஞானசேகரன் சார் இருந்தால் கேட்கலாம். அவள் வேலை பார்த்த அவருடைய ஆபீசை மூடி மூன்று வருஷம் ஆகிறது. என்ன நாட்கள் அவை!

சிதம்பரம் மேல வீதியில், ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஆறு கம்ப்யூட்டர், அறைக்கு ஒரு ஏசி, செருப்பை வெளியே விட வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்து சிவில் இன்ஜினியர் ஆனவர் ஞானசேகரன். காலையில் ஊர்க்காரர்களுக்கு வாஸ்து பார்த்து அடுப்படியை அக்னி மூலைக்குத் தள்ளுவார். மத்தியானம் அமெரிக்காவில் ஒரு கம்பெனி அனுப்பும் வீடுகளுக்குப் படம் போட வைப்பார். அவர்கள் கையால் கிறுக்கி அனுப்புவதை இவர்கள் கோடு கோடாகச் சுத்தம் செய்து, சாயங்காலம் அனுப்பிவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். மறுநாள் வந்தால் திருத்தம் காத்திருக்கும். படத்தில் அந்தக் கம்பெனி பேர்தான் இருக்கும். இவர்கள் பேர் மூலையில்கூட இருக்காது.

இசைவாணி 2006-ல் அங்கே சேர்ந்தாள். தினமும் கடலூர் முதுநகரில் பஸ் ஏறி, குடிகாட்டைத் தாண்டும்வரை கெமிக்கல் ஆலைகளின் வாசனைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சிதம்பரம் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். அப்பா தேவசகாயம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து, அவள் டிப்ளமா முடித்த வருஷமே போய்விட்டார். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, சம்பளம் இல்லாவிட்டாலும் அவள் அந்த வேலைக்குப் போயிருப்பாள்.

காரணம் ஏரோப்ளேன் வீடுகள். முதல் படம் வந்த அன்று ஆபீசே அவள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது. வீடு, வீட்டோடு ஒட்டினாற்போல் நாற்பத்திரண்டு அடி அகலத்துக்கு ஒரு கொட்டகை, அதற்குள் விமானம். ஹேங்கர் என்று எழுதியிருந்தது. நம் ஊரில் ஸ்கூட்டரை உள்ளே தள்ளி வைப்பதுபோல் அங்கே சில ஊர்களில் விமானத்தை வைத்துக்கொள்கிறார்களாம். கொல்லைப்புறம் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஓடுபாதை. தெருவில் காரும் விமானமும் எதிரெதிரே வந்தால் கார்தான் ஒதுங்க வேண்டுமாம். றெக்கை இடிக்கக்கூடாது என்று தபால் பெட்டியைக்கூட முழங்கால் உயரத்தில் நடுவார்களாம். பக்கத்து நாற்காலி கதிரவன் வாயைப் பிளந்தவன் மூட அரைமணி ஆயிற்று. விமானத்தின் மூக்கு கிழக்கே பார்த்திருந்தால் வாஸ்துப்படி உத்தமம் என்று ஞானசேகரன் தீர்ப்புச் சொன்னார். அம்மாவிடம் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னால், "வூட்டுக்குள்ள ஏரோப்ளேனா? அப்ப ஆடு மாட எங்கடி கட்டுவாங்க?" என்று கேட்டாள்.

விமானத்தில் ஏறாதவள், ஏறப்போகிறோம் என்ற எண்ணமும் இல்லாதவள், இரண்டு வருஷத்தில் பதினேழு ஏரோப்ளேன் வீடுகளுக்குப் படம் போட்டாள். அடுப்படிக் கதவைத் திறந்தால் றெக்கை தெரிகிற வீடுகள். கணவன் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருக்க மனைவி கதவிலிருந்தே சாப்பிடக் கூப்பிடலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அந்த வீடுகளுக்குள் அவள் நடந்து பார்ப்பாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு வீட்டை முழுக்கச் சுற்றி வந்துவிடுவாள். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

டெக்சாஸ்காரர் ஒருவரின் வீடுதான் வினையாக வந்து வாய்த்தது. எழுபது வயது தாண்டியவர், பழைய விமானி. ஆபீசில் அவருக்குப் பைலட் தாத்தா என்றே பேர். தரைப்படத்தைக் கதிரவன் போட்டான். குறுக்குவெட்டுப் படம் இசைவாணியின் பங்கு. அது நவம்பர் மாதம். முந்தின நாள் ராத்திரி பெய்த மழையில் தெருத் தண்ணீர் வாசப்படியைத் தாண்டி வீட்டுக்குள் வர, அம்மாவும் மகளும் அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் தூக்கம் கெட்ட கண்ணோடு ஹேங்கரின் பெரிய வாசலைப் போட்டபோது, கை தன்னால் அடியில் ஒரு படியை வைத்தது. கான்கிரீட்டில் ஆறு அங்குலம், உள்ளே கம்பி. வாசல் என்றால் படி. தண்ணீர் வந்தால் பாவம், விமானம் நனையக்கூடாதே என்றும் ஒரு நினைப்பு. கதிரவன் பார்த்தான். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்க்கிற ஞானசேகரனும் பார்த்து, அனுப்பச் சொன்னார். நால்வரில் ஒருவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

அங்கே கொத்தனார் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார் போலிருக்கிறது. தாளில் இருந்ததை அப்படியே கட்டிவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து ஒரு காலையில் மெயிலைத் திறந்தால் போட்டோ. புது வீட்டு வாசலில் வெள்ளை விமானம் ஒன்று படியில் சக்கரம் முட்டி வெளியே புல்லில் நிற்கிறது. பக்கத்தில் தொப்பி வைத்த பெரியவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். கீழே கம்பெனி நாலே வரி எழுதியிருந்தது. விமானம் உருண்டுதான் உள்ளே போகும் என்பது தெரியாதவர் யார், அவர் பேரைச் சொல்லுங்கள், இனி அவர் எங்கள் வேலை எதையும் தொடக்கூடாது.

இசைவாணி அந்த நாலு வரியையும் மறுபடி படித்தாள். அந்தக் கம்பெனி வேலை இல்லையென்றால் அவளுக்கு அங்கே நாற்காலி இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். படத்தில் யார் பேரும் இல்லை. நான்கு பேர் பார்த்து அனுப்பிய படம். கதிரவன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்துப் பேசாதே என்று ஜாடை காட்டினான். மழையில் நனையக்கூடாது என்று அவள் யோசித்துப் போட்ட படி, ஒரு கிழவரின் விமானத்தை வெயிலிலேயே நிறுத்திவிட்டது. அது அவளுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சார் போட்டேன்," என்றாள்.

ஞானசேகரன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி நிதானமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நீ போட்டம்மா. நாங்க நாலு பேரு பாத்தமே. ஒருத்தனுக்காவது தப்புன்னு பட்டுச்சா? படி இருந்தாத்தான் வூடுன்னு எல்லாருக்கும் மனசுல இருக்குது. கையெழுத்து என்னுது. பேரும் என்னுதே போவட்டும்."

அப்படியே எழுதி அனுப்பினார். கம்பெனி வேலையை நிறுத்தவில்லை. ஏரோப்ளேன் வீடுகளை மட்டும் நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு வந்ததெல்லாம் குளியலறையும் துணி அலமாரியும்தான். சார் ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. கதிரவன் மட்டும் எப்போதாவது பெருமூச்சு விட்டு, றெக்கை போட்டு எத்தனை நாளாச்சு என்பான். இசைவாணி தலையைக் குனிந்துகொள்வாள். அத்தனை பேருடைய விமானத்தையும் ஆறு அங்குலத்தில் தடுத்தவள் அவள்தானே.

ஆபீசை மூடப்போகிற வாரம் இன்னொரு மெயில் வந்தது. அமெரிக்காவில் வீடு கட்டுவதே நின்று போய், அந்தக் கம்பெனி கணக்கை முடிக்கிற நேரம். பைலட் தாத்தா எப்போதோ எழுதியதைப் போகிற போக்கில் தள்ளிவிட்டிருந்தார்கள். படியை இடித்துத் தருவதாகச் சொன்னீர்கள், வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவர் மனைவிக்கு மூட்டுவலியாம். சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்து விமானங்கள் இறங்குவதைப் பார்க்கப் பழகிக்கொண்டாளாம். இடிக்கக்கூடாது என்கிறாளாம். சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து இரண்டு பலகை சாய்த்துப் போட்டுவிட்டேன், விமானம் அதன்மேல் ஏறிப் போய்விடுகிறது, இதை வரைந்தவரிடம் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார். கூடவே ஒரு போட்டோ. ஞானசேகரன் அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஏசியை அணைக்கப் போய்விட்டார். புயலில் பீரோவோடு நனைந்து, ஓரம் பழுப்பேறி, இப்போதும் அது அவள் பைக்குள் இருக்கிறது. நரைத்த தலைப் பெண் ஒருத்தி கையில் கோப்பையோடு படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இருபுறமும் இரண்டு பலகைகள்.

"ஏண்டி, ஒக்காந்து மண்ண எண்ணறியா?" என்று அம்மா கூப்பிட்டாள். இசைவாணி எழுந்து போய் நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். படி இருந்தால் உன்னை எப்படி உள்ளே கொண்டுபோவது, தினம் நாலு தடவை யார் தூக்குவது, விழுந்ததே அந்தப் படியில்தானே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நிலை வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒங்கப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவரைக்கும் அதுலதான் ஒக்காந்திருந்தேன். அப்புறம் ஒன்னோட பஸ்ஸுக்கு ஒக்காந்தேன். மீன் ஆஞ்சது, பேன் பாத்தது எல்லாம் அதுலதான். கால் சரியானதும் நான் எங்கடி ஒக்காருவேன்?"

கால் சரியானதும்.

டாக்டர் சொன்னதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது. இசைவாணி வாயைத் திறந்தாள். அம்மா ஏற்கெனவே பார்வையைத் திருப்பி, மட்டப்பலகையோடு நின்ற காத்தவராயனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. தெரிந்தும் கேட்கிறாளோ?

இசைவாணி பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், தையற்காரரிடம் அளவு கொடுக்கிறவளைப்போல. சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்திரண்டு அங்குலம். இசைவாணி இன்னொரு தடவை அளந்தாள்.

"ஆறு அங்குலமே வைங்கண்ணே," என்றாள் கொத்தனாரிடம். "சாரம் போட்ட பலகையில நீளமா ரெண்டு எனக்கு வேணும்."

காத்தவராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் படி உண்டு என்றதில் முகம் மலர்ந்து ஆட்களைக் கூப்பிட்டார். நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். கதவும் இல்லை, சுவரும் முழுசாக இல்லை. வேப்பமரச் சட்டத்துக்குள் எதிர்ப்பக்கத்துத் தென்னையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. இசைவாணி ஒரு செங்கல் துண்டை எடுத்து, நாற்காலியும் பலகையும் வரப்போகிற தடத்தை மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். புங்கமரத்தடியிலிருந்து புறப்பட்டு, நிலைவரைக்கும், இருபத்திரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு நேர்க்கோடுகள். அம்மா பிரேக்கை விடுவித்துவிட்டு, இரண்டு சக்கரத்திலும் கையை வைத்துக்கொண்டு, கோடுகளின் தொடக்கத்தில் வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள்.