தெய்வநாயகத்தின் கழுத்து

தெய்வநாயகம் தன் மனைவி சுலோச்சனாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சீக்கிரம் வாங்க, உலை கொதிக்குது" என்றாள். அவர் திரும்பி வருவதற்குள் நெஞ்சுவலி அவளைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் காலத்தில் நடந்த சாவு என்பதால் அவருக்கு அவளை நினைவிருந்தது.

அந்த ஊரில் பேரழிவு வந்தால்தான் காலம் மாறும். மாறிவிட்டால் முந்தைய காலத்தில் செத்தவர்களை யாருக்கும் தெரியாது. இப்போது ஓடுவது மணற்காற்றுக்குப் பிந்தைய காலம். காலத்தைக் கணிக்கும் வேதரத்தினத்தின் வீட்டுச் சுவரில் அவரைப் பெற்றவளின் படம் தொங்குகிறது. "யாரோ ஒரு அம்மா" என்று சொல்லி அதன்மேல் சட்டையை மாட்டுவார்.

எது பேரழிவு என்பதற்கு விதி உண்டு. ஊர் பொறுக்கிய ஒருவர் நாற்சந்தியில் நிற்க வேண்டும். மணலோ வெள்ளமோ அவர் கழுத்தைத் தொட்டால் அந்தக் காலம் முடிந்தது. ஏரி உடைந்த அன்று நிற்கவேண்டிய ஆள் தெய்வநாயகம்.

தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது வேதரத்தினம் பரிசலில் வந்தார்.

"எப்படி மாமா இருக்கு?"

"என்னத்த எப்படி? தெரு நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

இடுப்புக்கு வந்தது. ஆடுகள் மிதந்து போயின. "மாடு குளிப்பாட்டக்கூட பத்தாது மாப்பிள்ளை" என்றார்.

மார்புக்கு வந்தபோது எதிர்வீட்டு ராஜாமணி பிள்ளைகளோடு கூரைமேல் நின்று கத்தினாள். "அண்ணே, ஒத்துக்கண்ணே! பேரழிவுன்னு சொன்னாத்தான் படகு அனுப்புவாங்க!"

காலம் முடியப்போகும்போது மறதி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். தண்ணீர் தோளைத் தொட்டதும் சுலோச்சனாவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது அவருக்கு மறந்தது. அடுத்து அவள் குரல் போனது. அவர் குதிகாலை உயர்த்தினார்.

"எக்குறீங்களா மாமா?"

"என் உயரமே இதுதான்."

எக்கக்கூடாது என்று விதியில் இல்லை. வேதரத்தினம் காத்திருந்தார். ராஜாமணியின் கூரை சரிந்தது. கத்தல் நின்றது. கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீரும் நின்றது.

"பேரழிவு இல்லை" என்று வேதரத்தினம் மணி அடித்தார். சுலோச்சனாவின் குரல் திரும்பி வந்தது.

பேரழிவு இல்லாததால் அதில் யாரும் சாகவுமில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் காலை ராஜாமணி வாயில் சேற்றோடு வாசலில் நின்றாள். பின்னால் பிள்ளைகள் சொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் உப்பு இருக்குமாண்ணே?"

கொடுத்தார். அவள் பின்னால் தெருவே வரிசையில் நின்றது.

ஊரில் இப்போது மூச்சு விடுகிறவர்கள் இரண்டு பேர்.