பூட்லோடர் இருந்த இடம்

கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் சொந்தக்காரருடைய தங்கைக்கு அவன் புருஷன். அதனால் தட்டு கழுவுகிறவர்கள் வரை அங்கே எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் அவன் தொழில். அன்று காலை லேப்டாப்பும் சீரியல் கேபிளுமாக வந்தது, மூன்று இன்குபேட்டர்களின் கன்ட்ரோலர் போர்டுகளுக்குப் புது மென்பொருள் ஏற்றுவதற்காக.

ஒவ்வொரு பெட்டியிலும் சூட்டையும் ஈரத்தையும் காற்றாடியையும் பார்த்துக்கொள்வது லினக்ஸில் ஓடும் ஒரு கையகலப் போர்டு. கொஞ்ச நாளாக அது நடுநடுவே உறைந்து நின்றது. போன ஈட்டு முட்டைகள் அப்படித்தான் குளிர்ந்து வீணாயின. கம்பெனி திருத்திய மென்பொருளை அனுப்பிவிட்டது. முதல் இரண்டு பெட்டிகளில் இளம் முட்டைகள். சற்று நேரம் சூடு குறைந்தாலும் தாங்கும். மூன்றாவதில் இருந்தவை நாள் நிரம்பியவை. கதவில் காது வைத்தால் கொத்தும் சத்தமும் கீச்சொலியும் கேட்டன.

"இது பொரிச்சு முடியட்டும் மச்சான். மூணாவதை அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

"காலையிலேர்ந்து ரெண்டு தடவை நின்னுடுச்சு மாப்பிள்ளை. நான் பக்கத்துலயே நின்னு அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன். பாத்ரூம்கூட போகலை."

அது மச்சானின் வைத்தியம். மோட்டார், டிவி, போன் எது மக்கர் செய்தாலும் ஒரு தடவை அணைத்துப் போடுவார். பாதிக்குமேல் ஓடியும்விடும்.

"என்னையும் அப்படி அணைச்சுப் போட முடியலையேன்னு இவருக்கு ரொம்ப நாளா வருத்தம் தம்பி" என்றாள் மச்சானின் மனைவி, தட்டுகளைத் துடைத்துக்கொண்டே.

"சுவிட்சே வைக்காம அனுப்பிட்டாரே உங்கப்பா, நான் என்ன செய்ய?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, "இந்த ஈடும் போச்சுன்னா பூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கோம் தம்பி. பார்த்துச் செய்யுங்க" என்றாள்.

வேலை பெரியதல்ல. கரண்ட் வந்ததும் போர்டில் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்ற சின்ன நிரல். அதுதான் லினக்ஸை எழுப்பும். எழுப்புவதற்குள் லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டி அதை நிறுத்திவிட்டால் நாம் சொல்வதைச் செய்யும். புது மென்பொருளைத் தற்காலிக நினைவகத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஃப்ளாஷ் மெமரியில் பழையதை அழிக்க வேண்டும். புதியதை எழுத வேண்டும். அழிக்காமல் எழுத ஃப்ளாஷ் இடம் கொடுக்காது. அழிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில்தான் போர்டு வெறும் உடம்பாகக் கிடக்கும்.

முதல் பெட்டி ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் கேபிளைச் செருகி, அதே கட்டளை வரிகளை மொத்தமாக ஒட்டி என்டர் தட்டினான்.

புது மென்பொருள் இறங்கியது. அழிப்பு நூறு சதவீதத்தைத் தொட்டது. எழுதப் போன இடத்தில் 'இடம் போதவில்லை' என்று நின்றது.

ஓடிப்போன வரிகளைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். மூன்றாவது பெட்டி பழைய மாடல், ஃப்ளாஷ் சிறியது. புதிய போர்டுகளில் பூட்லோடருக்குத் தனிச் சிப் உண்டு. இதில் அதுவும் அதே ஃப்ளாஷில்தான், முதல் கட்டத்தில், குடியிருந்தது. அவன் அழித்தது முதல் கட்டத்திலிருந்து.

இருந்தும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஓடும் பூட்லோடர் தன் நகலைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு அங்கிருந்துதான் ஓடும். ஃப்ளாஷில் இருந்தது போனாலும் கரண்ட் இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. திரையின் மூலையில் அதன் குறி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பழைய மாடலின் பூட்லோடரும் மென்பொருளும் உள்ள ஃபைல் கிடைத்தால் இந்த நகலின் கையாலேயே அதை மறுபடி எழுதிவிடலாம்.

"ஆச்சா மாப்பிள்ளை?"

"இன்னும் இல்ல மச்சான், ஒரு ஃபைல் வேணும். கம்பெனிக்குப் போன் போட்டுட்டு வந்துடறேன்."

தகரச் சுவர் அடித்த அந்த அறைக்குள் சிக்னல் வராது. வெளியே போக வேண்டும். 'அணைக்காதீங்க' என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். வீட்டு மாப்பிள்ளையாய் இருந்துகொண்டு, அழிக்கக் கூடாததை அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுதி முடித்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. நடந்தான்.

லாரி நிற்கும் இடத்தில்தான் லைன் கிடைத்தது. கம்பெனி இன்ஜினியர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கரண்ட் இன்னும் இருக்குல்ல? அப்ப தப்பிச்சீங்க சார். அனுப்பறேன், எழுதிட்டு அப்புறமா அணைங்க" என்றார். ஃபைல் வந்து சேர்ந்தது. கால் தரையில் படாமல் திரும்பினான்.

மச்சான் பெட்டியருகே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"உள்ள சூடு இறங்கிக்கிட்டே இருந்துச்சு மாப்பிள்ளை. உங்க ஸ்கிரீன்லயும் ஒண்ணும் அசையலை. அதான் ஒரு தடவை அணைச்சுப் போட்டேன். இப்ப வந்துடும் பாருங்க."

திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. விசைகளைத் தட்டினான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான். அழிந்துபோன இடத்தில் பூட்லோடரைத் தேடிய போர்டு, ஒன்றும் கிடைக்காமல் செத்துக் கிடந்தது. இனிமேல் அந்தச் சிப்பில் எழுத வேறு கருவி வேண்டும். அது கம்பெனியில் இருந்தது. போய்வர ஒரு முழு நாள். மற்ற இரண்டு பெட்டிகளிலும் தட்டுகள் நிரம்பியிருந்தன, முட்டைகளை மாற்றவும் இடமில்லை.

போர்டை விட்டுவிட்டு ஹீட்டருக்கும் காற்றாடிக்கும் நேராக ஒயர் இழுத்தான். மச்சான் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஹீட்டரைக் கையால் போட்டான், அணைத்தான். சூடு ஒருவாறு நின்றது. ஈரம்தான் நிற்கவில்லை. மச்சானின் மனைவி சுடுதண்ணீரைத் தெளித்தாள். தெளிக்கக் கதவைத் திறந்தபோதெல்லாம் உள்ளே இருந்த ஈரம் வெளியே போனது. நனைத்த சாக்குகளைத் தட்டுகளுக்கு அடியில் விரித்தாள். அவையும் அந்தக் காற்றில் மொடமொடவென்று காய்ந்தன. ஓட்டில் துளை போட்டுவிட்ட குஞ்சுகளின் மேல் உள்தோல் காய்ந்து ஒட்டியது. துளையில் அலகு தெரிந்தது, திறந்து மூடியது. அதற்குமேல் உடம்பைச் சுழற்றி ஓட்டை உடைக்க அவற்றால் முடியவில்லை. அவள் ஒன்றின் ஓட்டை நகத்தால் பிய்த்துப் பார்த்தாள். ரத்தம் கசிந்தது. அப்படியே வைத்துவிட்டாள்.

பொழுது சாயும் முன்பே கீச்சொலி குறைந்துவிட்டது.

"இவர் அணைச்சதாலயா தம்பி?" என்று கேட்டாள். மச்சான் தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லக்கா. நான்தான் அழிச்சேன். போன் பேசப் போறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டேன். சொல்லலை."

மச்சான் திரும்பினார். "இருங்க மாப்பிள்ளை. நீங்க அழிச்சது சரி. நான் அணைக்காம இருந்திருந்தா?"

'அப்பவும் போயிருக்கும் மச்சான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். போர்டுகளைப் பற்றி அவன் அவரிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. அந்தப் பொய் உடனே வரவில்லை. வந்தபோது நேரமாகிவிட்டது. அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "சரி, விடுங்க."

தெர்மாமீட்டரைச் சட்டையில் துடைத்து ஆணியில் மாட்டினார். கதவைத் திறந்து மேல்தட்டை இழுத்தார். ஒவ்வொரு முட்டையாகக் காதருகே வைத்துக் கேட்டு, சாக்கில் போட ஆரம்பித்தார். அவள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை இரண்டாவது தட்டை எடுக்கப் போனபோது, "நீங்க விடுங்க தம்பி" என்றாள், அவனைப் பார்க்காமலே.