அலைநீளம் அளந்த மத்தியானம்

வெள்ளைத் தாளில் ஒளிக்கோடுகள் ஓடின. ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி மாறாமல், விளிம்பு வரை போய் மறைந்தன.

மேலே கண்ணாடித் தொட்டி. அதில் விரற்கடை ஆழத் தண்ணீர். அதற்கும் மேலே ஒரு விளக்கு. சிறிய மோட்டார் மரச்சட்டத்தை அசைக்க அசைக்க அலை பிறந்தது. பிறந்த அலையெல்லாம் வெளிச்சமாகக் கீழே விழுந்தது.

வெளியே பாளையங்கோட்டை மழை. ஆய்வக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்.

செண்பகவல்லிக்கு அந்தக் கோடுகள் பிடித்திருந்தன. எதிரே நின்றவளைத்தான் பிடிக்கவில்லை.

ஆக்னஸ். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. போன வாரம் காலை வழிபாட்டில் செண்பகம் செய்தி வாசிக்கையில் நாக்குக் குழறியது. முதலில் சிரித்தவள் ஆக்னஸ். அன்றோடு பேச்சு நின்றது. இன்று பதிவெண் வரிசைப்படி வனஜா டீச்சர் இருவரையும் ஒரே தொட்டிக்கு அனுப்பிவிட்டார்.

ஓடுகிற அலையை ஒருத்தியால் அளக்க முடியாது. முன்னால் போகிற கோட்டில் ஒருத்தி, பின்னால் வருகிற கோட்டில் ஒருத்தி, ஒரே கணத்தில் பென்சில் புள்ளி வைக்க வேண்டும்.

பேசாமல் வைத்தார்கள். ஒரு தடவை நீளம் கூடியது. மறு தடவை குறைந்தது. பக்கத்துத் தொட்டிக்காரிகள் வேகத்தையே கணக்கிட்டு முடித்துவிட்டார்கள்.

கோடுகள் யாருக்காகவும் நிற்கவில்லை. ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

"நான் இப்போன்னு சொல்லும்போது வை," என்றாள் செண்பகம், தாளைப் பார்த்தபடி.

ஆக்னஸ் நிமிர்ந்தாள். "சரிட்டி."

ஒரு வாரமாகக் கேட்காத அந்தச் சிநேகித 'ட்டி' செண்பகத்தின் நெஞ்சுக்குள் இறங்கிக் குளிர்ந்தது.

"இப்போ."

இரண்டு புள்ளிகள். நடுவில் ஐந்து அலைகள். மறுபடியும் "இப்போ". அதே நீளம். மறுபடியும். அதே நீளம். அதை ஐந்தால் வகுத்து, வந்த அலைநீளத்தை மோட்டாரின் அதிர்வெண்ணால் பெருக்கினாள் ஆக்னஸ். அலையின் வேகம் வந்தது.

பெருக்கி முடித்தவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. வீட்டுக்குப் போயி சோறே எறங்கல."

"எனக்கும்தான்."

சொன்னதும் செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. ஆக்னஸையும் தொற்றியது. மேசை குலுங்கியது. கோடுகள் குலைந்து, தாளெங்கும் வெளிச்சம் தெறித்தது.

வனஜா டீச்சர் வந்து எண்களைப் பார்த்தார். "சரியாத்தான் வந்திருக்கு. போதும், மோட்டாரை நிறுத்துங்க."

"இன்னும் ஒரு தடவை எடுத்துக்கிடுதோம் டீச்சர்," என்றாள் செண்பகம்.

தண்ணீர் மெல்லச் சீரானது; கோடுகள் மறுபடி வரிசையாக ஓடின. தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

இந்தத் தடவை "இப்போ" என்றவள் ஆக்னஸ்.