ட்ரெஸ்ஸாவின் இரண்டு கட்டுரைகள்

மார்லிஸுக்குத் தலை சுற்றியது. அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் எத்தனையோ வருடமாக விண்ணப்பம் படிக்கிறாள். இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் வீட்டில் எழுதி விண்ணப்பத்தோடு அனுப்புவது ஒரு கட்டுரை. கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக் கூடத்தில், கண்காணிப்பாளர் முன்னால் எழுதுவது இன்னொன்று. சந்தேகம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக் கட்டுரை அமர்க்களமாக இருந்து, கூடத்தில் எழுதியது நொண்டியடித்தால், யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்ணப்பம் அவ்வளவுதான்.

ட்ரெஸ்ஸா லிண்ட்க்விஸ்ட் என்ற இந்தப் பெண் விஷயத்தில் எல்லாமே தலைகீழ். கூடத்தில் எழுதியது அப்படியொரு தெளிவு. வீட்டிலிருந்து வந்ததோ, "கடவுள் அருளால் நான் பணிவும் உழைப்பும் மிக்க இளம்பெண்" என்று ஆரம்பித்து, பாதிக்கு மேல் குடும்பத்துப் பன்றிப் பண்ணைப் பெருமை. கண்றாவி!

"வேற யாரோ எழுதியிருக்காங்க. தள்ளுங்க," என்றார் மேலதிகாரி கார்டன்.

"இவ்ளோ மோசமா எழுத யாராவது ஆள் வைப்பாங்களா?"

"அதானே!" அவரும் மோவாயைத் தடவினார். "ஏமாத்துனா கொஞ்சம் லாபமாவது இருக்கணும். இது என்ன எழவு? நீங்களே போன் பண்ணிக் கேளுங்க. பொய் சொன்னா இடம் கிடையாது. உண்மையச் சொன்னா உங்க இஷ்டம்."

மார்லிஸ் போன் போட்டாள். "வீட்டுக் கட்டுரை நீ எழுதினதாம்மா?"

"இல்ல மேடம்." பெண்ணின் குரல் உள்ளே போய்விட்டது. "நான் எழுதினத அப்பா படிச்சாரு. 'உன்னப் பத்திப் பெருமையா ஒரு வார்த்தை இல்லையே, எவன் இடம் குடுப்பான்'னு அவரே உக்காந்து எழுதிட்டாரு. காலேஜ் வாசல மிதிச்சதில்ல அவரு. ஒரு வாரமா சாப்பாட்டு மேசையில அதே வேலை. எப்படி இருக்குன்னு ஆசையா கேட்டாரு. நல்லா இல்லன்னு எப்படி மேடம் சொல்றது?"

மார்லிஸுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஏமாற்று வேலைதான். ஆனால் நஷ்டம் முழுக்க அவளுக்கே அல்லவா!

"உனக்கு இடம் உண்டு. கூடத்துல நீ எழுதினதுக்காக," என்றாள் கடைசியில்.

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம். பிறகு கிசுகிசுப்பாக, "மேடம், அப்பா உள்ள வர்றாரு. எதுக்காகக் குடுத்தாங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

பொய் சொன்னால் இடம் இல்லை என்கிற அலுவலகம் அது. மார்லிஸ் திருதிருவென்று விழித்தாள்.

"அவர் எழுதினதுக்காகன்னு சொல்லு."

"பாத்தியா! நான் சொன்னேன்ல! உன்னோடத அனுப்பியிருந்தா காரியம் கெட்டிருக்கும்!" என்று ஒரு மனிதர் கூவுவதும், அந்தப் பெண் "ஆமாப்பா, ஆமாப்பா" என்று அழுவதும் போனில் கேட்டது.