மார்கெரித் செதுக்கிய சம்மனசு

2006 கோடையில், பழைய தேவாலயம் ஒன்றின் முகப்பிலிருந்து இறக்கிய தேவதூதன் சிலையை, ஒரு கல் சம்மனசைப் பழுதுபார்க்கும் வேலை அக்னெசுக்குக் கிடைத்தது. மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்து, மொன்றியலில் கல்வேலை படித்தவள். பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண்.

சம்மனசைச் செதுக்கியவளும் பெண்தான் என்றார் மேற்பார்வையாளர் லூக். பெயர் மார்கெரித். 1870களில், புருஷன் செத்ததும் அவன் உளியை எடுத்துக்கொண்டு சாரக்கட்டில் ஏறியவள். பொறுக்காத கொத்தர்கள் சாரத்தின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கால் நொறுங்கிக் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தாள். பனி உருகியதும் வந்து, கயிறு அறுத்தவனின் தாடையைச் சுத்தியலால் உடைத்தாள். சிறைக்குப் போனாள். மீண்டு வந்து சம்மனசை முடித்தாள்.

"தாடை உடைந்தவன் என் பூட்டன்," என்றார் லூக்.

அக்னெசின் புருஷன் யோசெப்புக்கு இந்த வேலையே பிடிக்காது. இரண்டு தரம் அவள் விலா எலும்பை உடைத்திருக்கிறான். படியில் விழுந்ததாக டொக்டரிடம் அவளே பொய் சொன்னாள். ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, குடித்துவிட்டுப் பட்டறைக்கே வந்தான்.

"ஆம்பிளையளோட நிண்டு கல்லுக் கொத்துறாய் எண்டு பார்க் எக்ஸ்டென்ஷனில இருக்கிற எங்கட சனம் முழுக்கக் கதைக்குது. நட வீட்டை."

"வேலை முடிய வாறன்."

அவன் சம்மட்டியைத் தூக்கினான். முதல் அடியில் சம்மனசின் மூக்கும் உதடும் சிதறின. அவள் குறுக்கே பாய்ந்தாள். அடுத்த அடி அவள் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளின் கழுத்தை மிதித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கு அகப்பட்ட உளியை அவன் கெண்டைக்காலில் குத்தி இறக்கினாள்.

அவன் அலறிச் சாய்ந்தான். சம்மட்டி கைநழுவியது.

"வேண்டாம் அக்னெஸ். விடு."

அவள் எழுந்தாள். ஒற்றைக் கையால் சம்மட்டியை இழுத்துத் தூக்கி, அவன் முழங்காலில் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு யோசெப்பின் அக்கா திரேசம்மா ஓடி வந்தாள்.

"கல்லு சரிஞ்சு விழுந்ததெண்டு சொல்லு. அவனும் அப்பிடித்தான் சொல்லுவான். ரெண்டு பேரும் தப்பலாம்."

பொலிஸ்காரி வந்ததும் அக்னெஸ் எல்லாவற்றையும் சொன்னாள், அவன் உடைத்த விலா எலும்பிலிருந்து தொடங்கி.

"உளியால குத்தினது உயிர் தப்ப. முழங்காலில அடிச்சது கோவத்தில. அவர் அப்ப எழும்பேலாமல் கிடந்தவர்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுடைய வழக்கறிஞர் தலையில் அடித்துக்கொண்டார். யோசெப்புக்குச் சிறை. அவளுக்கும் தண்டனை கிடைத்தது. சிறையில்லை, வெளியில் இருந்தபடியே நன்னடத்தைக் காவல்.

நீதிமன்ற வாசலில் திரேசம்மா வழிமறித்தாள்.

"அவன் வெளியில வந்தால் ஆரடி பாக்கிறது?"

"நீங்கள் பாருங்கோ மச்சாள்," என்று சொல்லிவிட்டு, அக்னெஸ் மெட்ரோவை நோக்கி நடந்தாள்.