வட்டக் கண்ணாடிக்கு முன்னால்

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன் வீட்டில் பிறந்த குழந்தைக்கு வேறு எதில் ஆசை வரும்? ஒரு வயது தாண்டி இரண்டு மாதமான சிட்டுவுக்கு, எங்கள் மெஷின் கதவின் வட்டக் கண்ணாடிதான் உலகத்திலேயே பிடித்த இடம். உள்ளே துணி மேலே ஏறும், தொப்பென்று விழும். அவள் விரலை நீட்டிக் காட்டுவாள். உடனே திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அந்த வயதுக் குழந்தை விரல் நீட்டினால் அது வேண்டும் என்று மட்டும் அர்த்தமில்லை. நீயும் பார்த்தாயா என்று கேட்கிறது. நான் தலையாட்டியதும் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்புவாள். ஒரு துவைப்பு முடிவதற்குள் இருபது தடவையாவது இது நடக்கும்.

மனைவிக்குக் காலை ஆறு மணிக்கே வேலை. ஒன்பது மணிக்கு என் அக்கா வந்து சிட்டுவைப் பார்த்துக்கொள்வாள், நான் கிளம்புவேன். அப்படிக் கிளம்புவதுதான் பெரும்பாடு. கருவிப் பையைத் தோளில் மாட்டினால் போதும், என் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். மூன்று மாடி இறங்கும்வரை அழுகை கூடவே வரும். அன்றைக்குப் போகும் முதல் வீட்டில் திருகாணி கழற்றும்போதும் அது காதில் இருக்கும்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்கா வந்ததும் இரண்டு துண்டுகளைப் போட்டு மெஷினை ஓடவிடுவேன். சிட்டு கண்ணாடி முன்னால் உட்காருவாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறிவிடுவேன். அழுகையே இல்லை.

"பெத்த பிள்ளைகிட்டயே திருட்டு வேலையாடா?" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று வாரம் அப்படிப் போனது.

நான்காவது வாரம், பொத்தானை அழுத்தியதுமே சிட்டு வீறிட்டாள். மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் காலைப் பிடித்தாள். மறுநாளும் அப்படியே. சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன். டிரம்மைத் தாங்கும் பேரிங் தேய்ந்தால் துணி சுற்றும்போது ஓர் உறுமல் வரும், பெரியவர்கள் காதுக்குப் பழகிப்போகும், குழந்தைக்கு அப்படியில்லை என்று மனைவிக்கு விளக்கம் வேறு சொன்னேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேரிங்கை மாற்றினேன். நான்கு கால்களையும் மட்டம் பார்த்துச் சரிசெய்தேன். ஓடுகிற மெஷின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை சிட்டு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

அடுத்து வந்தது விடுமுறை நாள். நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மனைவி படுக்கை விரிப்புகளைத் திணித்துப் பொத்தானை அழுத்தினாள். இந்த மெஷின் எடுத்தவுடனே சுற்றாது. முதலில் கதவுப் பூட்டு 'டக்' என்று விழும். பிறகு தண்ணீர் இறங்கும். அதற்கப்புறம்தான் டிரம் அசையும். அந்த 'டக்' கேட்டதுமே, பக்கத்து அறையில் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்த சிட்டு அதைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கியபடி தள்ளாடி ஓடி வந்தாள். வழியில் விழுந்தாள். அழாமல் எழுந்தாள். வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்து கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டிரம் இன்னும் அசையவேயில்லை. அந்த உறுமல் சத்தமே இல்லை.

மனைவிதான் சொன்னாள். "அவளுக்கு மெஷின் பயமில்லைங்க. இது ஓடுனா நீங்க காணாமப் போயிடுவீங்க, அதான்."

இதன் சூட்சுமம் இப்போது எனக்குத் தெரியும். சில மாதக் குழந்தையின் பந்தைத் துணியால் மூடினால், பந்தே இல்லாத மாதிரி வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு வயதில் துணியை விலக்கித் தேடும். கண்ணில் படாத அப்பாவும் எங்கோ இருக்கிறார் என்று சிட்டுவுக்குத் தெரிந்துவிட்டது. எப்போது வருவார் என்று கணக்கிட அவளிடம் கடிகாரம் கிடையாது. போவதைக் கண்ணால் பார்த்தால், போகாத நேரத்தில் நிம்மதியாக இருக்கலாம். பார்க்கவிடாமல் போனால் எந்த நேரமும் போகிற நேரம்தான்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன், நான் போனபிறகு சிட்டு என்ன செய்வாள் என்று.

"விரலைக் காட்டுவா. காட்டிட்டு, நீ இருக்கியான்னு திரும்பிப் பாப்பா. அப்புறம் கதவையே பாத்துக்கிட்டு இருப்பா. அழமாட்டா."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ நிம்மதியாப் போறியேன்னு இருந்துட்டேன்டா."

பதினெட்டுக் காலைகள். ஒவ்வொன்றிலும் அவள் எனக்காக விரல் நீட்டித் திரும்பியிருக்கிறாள்.

அன்றிலிருந்து சிட்டுவின் கண்ணெதிரே செருப்பு மாட்டி, டாட்டா சொல்லிவிட்டுத்தான் போகிறேன். முதலில் மூன்று மாடிக்கும் அழுகை வந்தது. பிறகு இரண்டு. ஒரு மாதத்தில் அவளும் கையாட்டக் கற்றுக்கொண்டாள்.

போன விடுமுறை நாளில் மெஷினை ஓடவிட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை விரல் நீட்டியது நான். பூட்டு 'டக்' என்றது. சிட்டு அழவில்லை. தூரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, எனக்கு டாட்டா காட்டினாள்.

துணி சுற்றி முடிந்து கதவுப் பூட்டு திறக்கும்வரை நான் எங்கும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.